ஆறு ஆம்பியரில் ஒரு தீவு

பிரிட்டனில் பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஜனவரி பிறந்ததுமே கோடை விடுமுறைப் பேச்சு தொடங்கிவிடும். பள்ளி மூடும் ஆறு வாரங்களுக்கு ஓட்டல் அறை எடுத்தால் கட்டுப்படியாகாது. பிள்ளைகளுக்குக் கடல் வேண்டும். ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டியையும் தாத்தாவையும் வீட்டில் விட்டுவிட்டுப் போக மனம் வராது. இந்தக் கணக்கெல்லாம் கூடிவரும் இடமாகத் தீவில் ஒரு கேம்ப்சைட் தோன்றுகிறது. கூடவே ஒரு நிபந்தனையும் வந்துவிடுகிறது: கரண்ட் இருக்க வேண்டும்.

தீவு, குடும்பம், மின்சாரம் ஆகிய இந்த மூன்றும் ஒன்றையொன்று இழுக்கக்கூடியவை. கரையிலிருந்து தள்ளிப் போகப் போகத் தீவு தீவாகிறது. அதே அளவில் மின்சாரம் மெலிகிறது, குளியலறைகள் குறைகின்றன, கடையும் மருத்துவரும் எட்டாமல் போகிறார்கள். பாலம் போட்ட தீவுகளில் வசதி எல்லாம் உண்டு, ஆனால் கடல் கடந்து வந்த உணர்வு பிள்ளைகளுக்குக் கிடைப்பதில்லை. இந்த இழுபறியைத் தீர்க்கும் இடம், நமக்கு எவ்வளவு மின்சாரம் போதும் என்ற கணக்கில் இருக்கிறது என்பது என் கருத்து. அந்தக் கணக்கை வீட்டிலேயே போட்டுவிட்டால், போகக்கூடிய தீவுகள் நாம் நினைத்ததைவிட அதிகம்.

தீவில் கூடாரம் போடும் பழக்கம் அங்கே குடும்பங்களுக்காகத் தொடங்கியதல்ல. 1894-ல் ஐல் ஆஃப் மேன் தீவில் ஜோசப் கன்னிங்ஹாம் என்பவர் வரிசையாகக் கூடாரங்கள் அமைத்து விடுமுறை முகாம் நடத்தினார். இளைஞர்களுக்கு மட்டுமே இடம், மதுவுக்கு இடமில்லை. 1907 ஆகஸ்டில் பேடன் பவல் சாரணர் இயக்கத்துக்கு வெள்ளோட்டமாக ஒரு சிறு பையன்கள் கூட்டத்தைக் கூட்டிப்போய்க் கூடாரம் அடித்ததும் ஒரு தீவில்தான், பூல் துறைமுகத்துக்குள் இருக்கும் பிரவுன்சீ. அந்த முகாம்களில் பெண்களும் இல்லை, கைக்குழந்தைகளும் இல்லை, முதியவர்களும் இல்லை. 'கூடாரத்தில் போய் மின்சாரமா?' என்று முகம் சுளிக்கும் மனப்பான்மை அந்த வழியில் வந்தது என்றே நினைக்கிறேன். இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். தூக்கத்தில் மூச்சுத் தடைபடுபவருக்கு சிபேப் கருவி இரவு முழுவதும் ஓட வேண்டும். பால்புட்டியைக் கிருமி நீக்க வேண்டும். இவை உள்ள குடும்பத்துக்கு மின்சாரம் சொகுசு ஆகாது. அது இருந்தால்தான் அந்தப் பாட்டி கடலைப் பார்ப்பார்.

இன்னொரு காரணமும் உண்டு. அது உயிர் சம்பந்தப்பட்டது. ஸ்காட்லாந்துத் தீவுகளில் ஜூன் மாத இரவுகூட 8 டிகிரிக்கு இறங்கும். குளிர் தாங்காமல், சமைத்து முடித்த கரி அடுப்பைக் கூடாரத்துக்குள் கொண்டுவந்து வைத்துக்கொண்டு தூங்கியவர்கள் இறந்திருக்கிறார்கள். அணைந்ததுபோல் தெரியும் கரியிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. 500 வாட்டில் ஓடும் ஒரு சின்ன ஆயில் ரேடியேட்டர் இருந்தால் அந்த எண்ணமே எழாது.

ஹூக்-அப் என்று அங்கே சொல்லப்படுவது எளிமையான ஏற்பாடு. ஒரு குடும்பத்துக்கு ஒதுக்கும் நிலத்துண்டை பிட்ச் என்பார்கள். அதன் ஓரத்தில் தாழ்வான ஒரு கம்பம் இருக்கும். அதில் மூடி போட்ட நீல நிற சாக்கெட். ஆரஞ்சு நிறக் கேபிளின் ஒரு முனை அதில் போகும், மறு முனை கேரவனில் போகும். கூடாரமாக இருந்தால் மெயின்ஸ் யூனிட் என்னும் சிறு பெட்டி ஒன்றை நாமே வாங்கிப் போக வேண்டும். மின்கசிவைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.டி. அதற்குள் இருக்கும். வீட்டு எக்ஸ்டென்ஷன் போர்டை ஈரப் புல்லில் இழுத்து உள்ளே விடுவது ஒருபோதும் கூடாது. கேரவனோ கூடாரமோ மின்சாரம் பெறும் இடத்திலிருந்து கம்பம் 20 மீட்டருக்கு மேல் தள்ளி இருக்கக் கூடாது என்பது பிரிட்டனின் மின்கம்பி விதி. கடைகளில் கிடைக்கும் கேபிள் 25 மீட்டராக இருப்பது அதற்கு ஏற்றபடிதான். கேபிளைச் சுருளாகவே விட்டு ஹீட்டரைப் போட்டால் சுருளுக்குள் வெப்பம் தேங்கி உறை உருகிவிடும், ஆகவே முழுவதையும் பிரித்துத் தளர்வாகப் போட வேண்டும். மாட்டும்போது முதலில் நம் பக்கம், பிறகு கம்பம். கழற்றும்போது முதலில் கம்பம்.

இனிக் கணக்கு. அந்தக் கம்பம் 16 ஆம்பியர் கொடுத்தால், 230 வோல்ட்டில் 3,680 வாட். 10 ஆம்பியர் என்றால் 2,300. பழைய தளங்களிலும் சிறு பண்ணைகளிலும் 6 ஆம்பியர்தான் இருக்கும். அது 1,380 வாட். வீட்டில் பயன்படுத்தும் கெட்டில் ஒன்றே 3,000 வாட் வரை இழுக்கும். அதை 6 ஆம்பியரில் மாட்டினால் பிரேக்கர் விழுந்துவிடும். கம்பம் பூட்டியிருக்கும் தளமாக இருந்தால் காலையில் வார்டன் வரும்வரை இருட்டுதான்.

ஆனால் அந்த 1,380 வாட்டைக் குறைவென்று தள்ளிவிட வேண்டாம். நாலைந்து பேருக்குச் சோறு வடிக்கும் ரைஸ் குக்கருக்கு 700 வாட் போதும். கம்ப்ரஸர் வைத்த குளிர்பெட்டி ஓடும்போது சுமார் 45 வாட். எல்.இ.டி. விளக்குகள், நாலு கைப்பேசி, சிபேப் எல்லாம் சேர்ந்தாலும் 100 வாட்டைச் சுற்றித்தான். கேம்பிங் கடையில் கிடைக்கும் 900 வாட் கெட்டில் தண்ணீரைக் கொஞ்சம் மெதுவாகக் கொதிக்க வைக்கும், அவ்வளவே. சூடாக்கும் சாமான் ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓட வேண்டும் என்ற கட்டுப்பாட்டைக் குடும்பம் ஏற்றுக்கொண்டால் 6 ஆம்பியரில் வாரக்கணக்கில் இருக்கலாம். குளிர்பெட்டியில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். மலிவாகக் கிடைக்கும் தெர்மோ-எலெக்ட்ரிக் பெட்டி, வெளி வெப்பத்திலிருந்து 15, 20 டிகிரிதான் இறக்கும். 30 டிகிரி வெயிலில் அதில் வைத்த மீனும் மருந்தும் பாழ்.

முதல் முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது ஐல் ஆஃப் வைட். பரப்பு சுமார் 380 சதுர கிலோமீட்டர். கார் ஏற்றும் கப்பல்கள் மூன்று வழிகளில் ஓடுகின்றன: போர்ட்ஸ்மத்திலிருந்து ஃபிஷ்போர்னுக்கும், லிமிங்டனிலிருந்து யார்மத்துக்கும் முக்கால் மணி நேரத்துக்குள், சவுத்தாம்ப்டனிலிருந்து ஈஸ்ட் கௌஸுக்கு ஒரு மணி நேரம். பிள்ளைகள் மேல்தளத்தில் நின்று காற்று வாங்குவதற்குள் கரை வந்துவிடும், வாந்தி எடுக்கவும் நேரமிருக்காது. நியூபிரிட்ஜ் ஊரின் ஆர்ச்சர்ட்ஸ், ராக்ஸலின் அப்பல்டர்கோம் கார்டன்ஸ் போன்ற உட்புறத் தளங்கள் குடும்பங்களுக்காகவே நடப்பவை. நீச்சல் குளம், விளையாட்டுத் திடல், கடை எல்லாம் பக்கத்தில். தென்மேற்குக் கரையில் பாறை விளிம்பை ஒட்டிய தளங்களும் உண்டு. அவற்றின் அந்திவானம் அபாரம். ஆனால் அந்தக் கரை ஆண்டுக்காண்டு கடலில் சரிந்துகொண்டிருக்கிறது. ஓடி விளையாடும் வயதுப் பிள்ளை இருந்தால் உட்புறமே நல்லது.

இந்தத் தீவின் பெரிய செலவு கப்பல். விடுமுறை வார இறுதிகளில் காருக்கான கட்டணம் பிட்ச் வாடகையைத் தாண்டிவிடும். தளத்தில் முன்பதிவு செய்துவிட்டுப் பிறகு கப்பலைத் தேடுவது விலையுயர்ந்த பழக்கம். தீவுத் தளங்கள் பலவும் கப்பல் டிக்கெட்டையும் சேர்த்தே விற்கின்றன. முதலில் அதைக் கேட்க வேண்டும். வார நடுவில் விடியற்காலைக் கப்பலில் போனால் கணிசமாக மிச்சமாகும்.

காம்ப்டன் கடற்கரையில் ஓதம் வற்றும்போது டைனோசர் கால்தடங்கள் கல்லாகக் கிடப்பதைப் பார்க்கலாம். ரைடிலிருந்து ஷாங்க்ளினுக்கு ஓடும் ரயில், லண்டன் டிஸ்டிரிக்ட் லைனில் ஓடி ஓய்ந்த பெட்டிகளைப் புதுப்பித்துச் செய்தது; லண்டன் பிள்ளைகள் கண்டுகொள்வார்கள். பெரியவர்களுக்காக ஃப்ரெஷ்வாட்டரில் ஒரு வீட்டைச் சொல்ல வேண்டும். அதன் பெயர் டிம்போலா. விக்டோரியா காலத்தின் பெரும் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரன் 1860-லிருந்து அங்கே வாழ்ந்தார். இலங்கை மலைநாட்டில் அவர் குடும்பத்துக்கிருந்த தோட்டத்தின் பெயர்தான் இந்த வீட்டுக்கும் வந்தது. 1875-ல் இலங்கைக்குப் போய், தோட்டங்களில் உழைத்தவர்களையும் படமெடுத்து, 1879-ல் அங்கேயே இறந்தார். போகவந்தலாவைத் தேவாலயத்தில் அடக்கம். வீடு இப்போது அருங்காட்சியகம். மலையகத்தில் வேர் உள்ள ஒருவர் அந்த வாசலில் நின்றால், வந்து சேர்ந்த தீவும் விட்டுவந்த தீவும் ஒரே பெயருக்குள் இருப்பதை உணர்வார்.

லண்டனிலிருந்து கப்பல் செலவே இல்லாமல் போக மெர்சி தீவு இருக்கிறது, எஸெக்ஸ் கரையில், கோல்செஸ்டருக்குத் தெற்கே. ஸ்ட்ரூட் என்னும் பாதை அதைக் கரையோடு இணைக்கிறது. அடியில் கிடைத்த மரத்தூண்களை ஆராய்ந்ததில் 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று தெரிந்தது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஓதங்களில் அந்தப் பாதை நீருக்குள் போய்விடும், பிறகு வடியும். ஓத அட்டவணையைப் பார்த்துக் கிளம்பினால் போதும். கிழக்கு மெர்சியில் ஹூக்-அப் உள்ள குடும்பத் தளங்கள் பல. சேறு கலந்த கரைதான், நீல நீர் என்று ஆசைகாட்ட மாட்டேன். ஆனால் நண்டு பிடிக்கும் பிள்ளைகளுக்கு அந்தச் சேறுதான் சொர்க்கம், சனிக்கிழமை காலை கிளம்பி மதியச் சோற்றை அங்கே வடிக்கலாம்.

வேல்ஸின் ஆங்கிள்சீக்கும் பாலம் உண்டு. தாமஸ் டெல்ஃபோர்டின் மெனாய் தொங்குபாலம் 1826-லிருந்து நிற்கிறது. லிக்வி விரிகுடாவின் மேலே உள்ள டிடின் இசாஃப் போன்ற தளங்களிலிருந்து மணற்கரைக்கு நடந்தே இறங்கலாம். ஆங்கிள்சீ, வைட், பிரவுன்சீ, அர்ரன் நான்கிலும் சிவப்பு அணில் வாழ்கிறது. இங்கிலாந்து, வேல்ஸ் பெருநிலத்தின் பெரும்பகுதியிலிருந்து சாம்பல் அணில் அதை விரட்டிவிட்டது. ஊரில் அணிலைப் பார்த்து வளர்ந்த தாத்தா பேரனுக்குக் காட்ட ஒன்று கிடைக்கும்.

ஸ்காட்லாந்தில், குடும்பத்துக்கு என் தேர்வு அர்ரன். ஸ்கைக்கு 1995-ல் பாலம் வந்துவிட்டது. அழகில் குறையில்லை, ஆனால் கோடையில் ஒற்றைவழிச் சாலைகளில் மோட்டார்ஹோம்களின் பின்னால் ஊர்ந்தே பொழுது போகும். அர்ரன் அப்படியல்ல. எர்ஷர் கரையிலிருந்து பிராடிக் துறைக்கு ஒரு மணி நேரத்தைச் சுற்றிய கப்பல் பயணம். 2014-ல் இந்த வழிக்கும் சாலைத் தூரத்தை ஒட்டிய கட்டணமுறை வந்தபிறகு காரோடு போவது எளிதாயிற்று. வடக்கில் மலை, 874 மீட்டர் கோட்ஃபெல். தெற்கில் தாழ்ந்த மேய்ச்சல் நிலம். தென்முனை கில்டோனனில் உள்ள சீல் ஷோர் தளத்தில் ஹூக்-அப் உண்டு. எதிர்ப் பாறைகளில் கடல்நாய்கள் படுத்திருக்கும். வட கோடி லாக்ரன்ஸா தளத்தில் செம்மான்கள் கூடாரங்களுக்கு நடுவே நடந்து போகும். உணவை வெளியே வைக்காதீர்கள், பிள்ளைகளை அவற்றின் கிட்டப் போகவும் விடாதீர்கள்.

அர்ரனில் கவனிக்க இரண்டு உண்டு. ஒன்று மிட்ஜ், கொசுவைவிடச் சிறிய கடிப்பூச்சி. ஜூனிலிருந்து ஆகஸ்ட் கடைசிவரை மாலையில் மேகமாக வரும். மணிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வேகத்தில் காற்றடித்தாலே அதனால் பறக்க முடியாது. ஆகவே மலையடிவாரத்தின் ஒதுக்கமான, அழகான ஓடைக்கரையைவிடக் காற்று வீசும் திறந்த கடற்கரைத் தளமே குழந்தைகளுக்கு நல்லது. இரண்டாவது, புயல் வந்தால் கப்பல் நின்றுவிடும். திங்கள் வேலைக்குப் போக வேண்டியவர் ஞாயிறு கடைசிக் கப்பலை நம்பக் கூடாது. மருந்தை இரண்டு மூன்று நாள் கூடுதலாக எடுத்துப் போக வேண்டும்.

அர்ரனுக்கு மின்சாரம் கின்டயர் தீபகற்பம் வழியாகக் கடலடிக் கேபிளில் வருகிறது. 2013 மார்ச்சில் பனியும் உறைபனியும் கம்பிகளில் படிந்து கின்டயரில் மின்கோபுரங்கள் சரிந்தன; தீவு நாட்கணக்கில் இருண்டது. 2020 அக்டோபரில் ஸ்கையிலிருந்து ஹாரிஸுக்குப் போகும் கடலடிக் கேபிள் பழுதானபோது, மறு ஆண்டு புதுக் கேபிள் போடும்வரை ஹாரிஸ் பகுதி டீசல் நிலையங்களை நம்பி இருந்தது. கம்பத்தில் நாம் மாட்டும் நீல பிளக்குக்குப் பின்னால் இருப்பது இப்படிப்பட்ட கம்பிதான்.

எவ்வளவு மின்சாரம் போதும் என்ற கேள்விக்கு ஸ்காட்லாந்தின் எக் தீவின் கதை முக்கியமானது. 1997-ல் அங்கு வாழ்பவர்கள் தங்கள் தீவைத் தாங்களே வாங்கினார்கள். வெளியிலிருந்து கேபிள் கிடையாது; வீட்டுக்கு வீடு டீசல் ஜெனரேட்டர்தான் ஓடியது. 2008-ல் நீர், காற்று, சூரியன் மூன்றையும் இணைத்துத் தங்களுக்கென்று ஒரு மின்வலை அமைத்தார்கள். எல்லாருக்கும் போதும்படி ஒரு விதி: ஒரு வீடு ஒரே நேரத்தில் 5 கிலோவாட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது. ஒரு குடும்பம் ஆண்டு முழுவதும் துவைத்து, சமைத்து, வாழும் வரம்பு அது. ஒரு வார விடுமுறைக்கு 16 ஆம்பியர் பிட்ச்சை வற்புறுத்திக் கேட்பவர், அந்த வீட்டின் உச்ச அளவில் முக்கால் பங்கைத் தன் கூடாரத்துக்குக் கேட்கிறார். எக் மக்களின் கணக்கைப் பார்த்தபிறகு 6 ஆம்பியர் எனக்குத் தாராளமாகவே தெரிகிறது.

கேரவனோடு போகிறவர்கள் அனுமதியையும் கவனிக்க வேண்டும். மேன் தீவுக்கு இழுத்துச் செல்லும் கேரவனை முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோக முடியாது. ஜெர்சியிலும் அனுமதியும் அங்கீகரித்த தளத்தில் பதிவும் வேண்டும். வண்டியோடு கப்பல் துறைக்குப் போய்த் திரும்பி வராமல் இருக்க, வாடகைக்கு எடுப்பவர்கள் இதை முதலிலேயே விசாரிக்க வேண்டும்.

குடும்பத்துக்கு ஏற்றது என்ற சொல்லை எல்லாத் தளமும் போட்டுக்கொள்கிறது. அதை நம்புவதைவிடப் பதிவு செய்யும்போது தொலைபேசியில் கேட்பது மேல். எத்தனை ஆம்பியர், பிரேக்கர் விழுந்தால் யார் போடுவது, மின்கட்டணம் வாடகையோடு சேர்ந்ததா, மீட்டரா. பாட்டியின் கால் வலிக்குக் கழிப்பறை எவ்வளவு தொலைவு, இரவில் வழியில் விளக்கு உண்டா. பிள்ளைகள் விளையாடும் திடலுக்கும் கார் போகும் வழிக்கும் நடுவே வேலி உண்டா. இரவு எத்தனை மணிக்குச் சத்தம் அடங்க வேண்டும். நம்மவர்கள் நாலைந்து குடும்பமாகச் சேர்ந்து போவது வழக்கம். கூட்டமாக வருபவர்களைச் சில தளங்கள் ஏற்பதில்லை, முன்கூட்டியே சொல்லிவிட்டால் பக்கத்துப் பக்கத்து பிட்ச்சாக ஒதுக்கித் தருபவர்களும் உண்டு. தரையில் படுக்க முடியாத பெரியவர்களுக்கு, அதே தளத்தில் பாட் எனப்படும் மரக்குடில் ஒன்றை எடுத்து, மற்றவர்கள் அதன் அருகே கூடாரம் போடலாம். குடிலில் கட்டிலும் மின்சாரமும் இருக்கும். மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் அதை ஹூக்-அப்பில் சார்ஜ் செய்யலாமா என்றும் கேட்க வேண்டும். பல தளங்கள் அதைத் தடைசெய்கின்றன, அந்தத் தடை நியாயமானது: சாதாரண பிளக்கில் சார்ஜ் ஆகும் கார் ஒன்றே 2,300 வாட்டை மணிக்கணக்கில் இழுக்கும்.

காலத்தில் ஒரு நல்ல இடைவெளி இருக்கிறது. ஸ்காட்லாந்துப் பள்ளிகள் ஜூன் இறுதியில் மூடி ஆகஸ்ட் நடுவில் திறந்துவிடும். இங்கிலாந்துப் பள்ளிகளோ செப்டம்பர் தொடக்கம் வரை மூடியிருக்கும். ஆகஸ்ட் கடைசி இரண்டு வாரம் அர்ரனில் உள்ளூர்க் கூட்டம் குறைந்திருக்கும், கப்பலில் இடம் கிடைக்கும், ஜூனில் பதினொரு மணிவரை நீளும் அந்தி இராது என்பதால் பிள்ளைகள் வேளையோடு தூங்குவார்கள்.

ஹூக்-அப் இல்லாத தீவுத் தளங்களையும் ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டியதில்லை. சில்லி தீவுகளுக்குப் பயணிகளின் காரைக் கப்பல் ஏற்றாது. அங்குள்ள பிரையரிலும் செயின்ட் ஆக்னஸிலும் மூட்டைகளை டிராக்டர் கொண்டுவந்து தரும். ஸ்காட்லாந்தின் மல் தீவில், தென்மேற்கு மூலையில் ஃபிடன் பண்ணையின் வெண்மணல் கரையில் ஹூக்-அப் இல்லை. ஒரு கிலோவாட்-மணி கொள்ளும் லித்தியம் பேட்டரிப் பெட்டி ஒன்று கம்ப்ரஸர் குளிர்பெட்டியையும் விளக்கையும் ஏறக்குறைய இரண்டு நாள் ஓட்டும். மடக்கும் சூரியத் தகடு இருந்தால், வெயில் உள்ளவரை இன்னும் நீளும். சமைக்கக் கேஸ், குளிருக்கு நல்ல உறக்கப் பை. இன்சுலின் நம்பியிருப்பவரோ சிபேப் போட்டுத் தூங்குபவரோ உடன் வந்தால் மட்டும் இந்தத் தளங்கள் வேண்டாம். அவர்களோடு வைட்டுக்கோ அர்ரனுக்கோ போங்கள். மற்றக் குடும்பங்கள், முதல் கோடையில் 6 ஆம்பியர் பிட்ச் ஒன்றில் ஒரு வாரம் இருந்து, தினமும் எவ்வளவு செலவாகிறது என்று மெயின்ஸ் யூனிட்டில் ஒரு சின்ன மீட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த கோடையில் மல்லுக்கோ பிரையருக்கோ பதிவு செய்யலாம்.